மேனேஜரின் குதிகால்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஃபோனில் பேசுகிறபோதெல்லாம் மழையைக் கேட்கிறாய், என் வேலையைக் கேட்கிறாய், அப்பாவின் மூட்டுவலியைக் கேட்கிறாய், நம் மேனேஜரைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாதா? டாக்டர் சொன்னதை அன்று நாங்கள் சொன்னதும், "அதை வலியில்லாம அனுப்பி வச்சிடுங்கம்மா, உங்க ரெண்டு பேராலயும் முடியாது" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாய். அதன்பிறகு நீயும் கேட்கவில்லை, நாங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீ சொன்னபடி செய்துவிட்டோம் என்றுதான் நினைத்திருப்பாய். செய்யவில்லை கண்ணு. உன் முயல், நம் மேனேஜர், உயிரோடு இருக்கிறது. இப்போதுகூட என் செருப்பு வாரை மென்றுகொண்டிருக்கிறது. கால் தேறுமா தேறாதா என்று தெரியாத நிலையில் உன்னிடம் சொல்லி, கடைசியில் தேறாமல் போனால் உன்னை இரண்டு தடவை அழவைத்த மாதிரி ஆகிவிடுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தோம். இனிமேல் மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இந்தக் கால் புண் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தையே பளபளவென்று வைத்திருக்கிற ஆட்களுக்கு மேற்பார்வை பார்க்கிறவள் நான். என் வீட்டுத் தரை எப்படி இருக்கும்? நீ போனதும் உன் அறையில் விரித்திருந்த அந்தப் பழைய கம்பளத்தை, முடியும் நாற்றமுமாக இருக்கிறதென்று தூக்கி எறிந்துவிட்டு, முகம் பார்க்கிற மாதிரி தரையைத் துடைத்து, மேனேஜரை அதில் விட்டேன். ராஜ உபசாரம் செய்வதாக நினைப்பு. அது நாளாக ஆக ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி எங்களை மேற்பார்வை பார்த்தது, பேருக்கு ஏற்ற மாதிரிதான் இருக்கிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். போதாக்குறைக்கு உன் அப்பா எனக்குத் தெரியாமல் பிஸ்கட்டும் பழமும் கொடுத்து அதை ஒரு தலையணை சைஸுக்குக் கொண்டுவந்திருந்தார். கடைசியில் அது நகரவே மாட்டேனென்றதும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கே டாக்டரம்மா அதைத் தூக்கிக் காலைத் திருப்பிக் காட்டியபோதுதான் பார்த்தோம், இரண்டு குதிகாலிலும் முடியே இல்லை, தோல் சிவந்து கிடக்கிறது, ஒன்றில் புண் வாய் திறந்திருக்கிறது. "நாய் பூனை மாதிரி இதுக்குப் பாதத்துல மெத்தை கிடையாதும்மா, முடிதான் இதுக்குச் செருப்பு, வழவழ தரையும் உடம்பு எடையும் சேர்ந்து அதைத் தேய்ச்சிடுச்சு" என்றார். புண் எலும்பு வரைக்கும் போய்விட்டால் பிறகு காப்பாற்றுவது கஷ்டம், வீட்டிலேயே தினம் கட்டு மாற்றிப் பார்க்கலாம், மாதக்கணக்கில் ஆகும், உத்தரவாதம் இல்லை, முடியாது என்றால் இப்போதே நிம்மதியாக அனுப்பிவிடலாம் என்று பொறுமையாகச் சொன்னார். அதைத்தான் உனக்கு ஃபோன் செய்து சொன்னோம்.

நீ ஃபோனை வைத்த பிறகு முயல் இருந்த கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். பஸ் வந்தது, ஏறினோம், பாதி வழியில் அப்பா, "காலம் பூரா கண்ணாடிச் சாமானை பேக் பண்ணி அனுப்பினவன் நான், ஒண்ணு உடைஞ்சுதுன்னு ஒருத்தன் சொன்னதில்லை, ஒரு முயலோட காலை பேக் பண்ண முடியாதா" என்றார். எனக்கும் அந்த நேரத்தில் அது சரியாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து கட்டினார் பார், அசையக்கூடாது, ஆடக்கூடாது, அவிழக்கூடாது என்று, மேலே "கவனம், உடையும்" என்று எழுதாத குறைதான். காலையில் பார்த்தால் விரல்களெல்லாம் வீங்கி, தொட்டால் சில்லென்று இருக்கின்றன. அலறியடித்துக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா கட்டை வெட்டி எடுத்துவிட்டு, "சார், இது லாரியில போற சரக்கு இல்லை, உள்ள ரத்தம் ஓடணும்" என்றார். அப்பாவின் முகம் சுருங்கிப்போய்விட்டது. ஆனால் அங்கேயே டாக்டரம்மா பக்கத்தில் நின்று, எப்படி என்று கேட்டு, அவர் கட்டுவதைப் பார்த்து, அவிழ்த்து, தானே கட்டி, அவர் சரி என்று சொல்கிறவரைக்கும் விடவில்லை. இத்தனை வருஷம் தன் தொழிலில் யாரையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். எனக்கு அன்றைக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

இனி என் பெருமையைச் சொல்கிறேன், கேள். காய் நறுக்கும்போது விரலில் கீறினாலே தலைசுற்றி உட்காருகிறவள் என்று நீயும் அப்பாவும் என்னைக் கேலி செய்வீர்களே, புண்ணைத் துடைத்தது பூரா நான்தான். அப்பா அதைத் துண்டில் சுற்றி முகம் மட்டும் தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொள்வார், நான் டாக்டரம்மா கொடுத்த உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கழுவி, ஒற்றி ஈரம் போக்கி, நக்கினாலும் கெடுதல் செய்யாத களிம்பைத் தடவுவேன். ஒட்டாத துணி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற பட்டை. கடைசியில் அப்பா தன் சுண்டுவிரலை கட்டுக்குள்ளே நுழைத்துப் பார்த்து, முயலின் விரல் நுனிகளைத் தொட்டு, சூடாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் கீழே விடுவோம். "பொண்ணுக்குக் கால்கட்டு போடற வயசுல முயலுக்குப் போட்டுட்டிருக்கோம்" என்று தினமும் ஒரே ஜோக்கைச் சொல்லித் தானே சிரித்துக்கொள்வார். தரை இப்போது கண்ணுக்கே தெரியாது. அடியில் ஸ்பாஞ்ச், மேலே துண்டு, அதற்கும் மேலே காய்ந்த புல், எங்கே ஈரம் பட்டாலும் உடனே மாற்றிவிடுவோம். என்னோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, "மேடம், இது உங்க வீடுதானா" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். எனக்கு வெட்கமாகவே இல்லை.

நடுவில் ஒரு வாரம் ரொம்ப மோசமாகப் போயிற்று, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டையைக் கடித்துப் பிய்த்துக் கொஞ்சம் விழுங்கியும்விட்டது, பிறகு புல்லைத் தொடவில்லை, புழுக்கையும் போடவில்லை. முயல் சாப்பிடாமல் இருந்தால் பொறுத்துப் பார்க்கக்கூடாது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் உடனே கொண்டுபோனோம். மருந்து கொடுத்து, கரைத்த தீவனத்தை ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக வாயோரத்தில் விடச் சொன்னார். முழங்காலை மடக்க முடியாத உன் அப்பா பகல் பூரா தரையில் உட்கார்ந்து ஊட்டினார். சாயங்காலம் என்னைப் பார்த்து, "நம்ம பொண்ணு சொன்னதுதான் சரியோ, நம்ம ஆசைக்காக அதை வதைக்கிறோமோ" என்று கேட்டார். நாளைக்கும் சாப்பிடவில்லை என்றால் நீ சொன்னபடியே செய்துவிடலாம் என்றேன். மறுநாள் காலை நாங்கள் எழுந்து வரும்போது அது துண்டின் ஓரத்தில் உட்கார்ந்து புல்லைக் கரகரவென்று கடித்துக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தைக் கேட்டு நாங்கள் இருவரும் கதவருகிலேயே நின்றுவிட்டோம். அதற்குப் பிறகு புண்ணின் ஓரம் காய்ந்தது, பொருக்குத் தட்டியது, பொருக்கு உதிர்ந்த இடத்தில் ரோஜா நிறத்தில் புதுத் தோல் வந்தது, இப்போது அதன்மேல் பூனைமயிர் மாதிரி மெல்லிய முடி.

போன வாரம் டாக்டரம்மா கட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உன் அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாளைக்காவது சும்மா மெல்லிசாக ஒரு சுற்று போட்டுவிடுகிறேன் என்று பட்டையை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போனார். மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தது. பார்த்துவிட்டுப் பின்னங்காலைத் தூக்கித் தொம்மென்று தரையில் ஒரு உதை உதைத்தது. கோபம் வந்தால் முயல்கள் அப்படித்தான் உதைக்கும் என்று உனக்குத் தெரியுமே, புண் வந்த நாளிலிருந்து இது ஒரு தடவைகூட உதைத்ததில்லை, எவ்வளவு வலித்தாலும் பேசாமல் காலைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்பாஞ்சு, துண்டு, புல் எல்லாவற்றையும் தாண்டி அந்தச் சத்தம் கேட்டது. உன் அப்பா பட்டையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து, "என்னைப் போடான்னு சொல்லிடுச்சுடி, காலை ஊணிச் சொல்லிடுச்சு" என்று சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து இருக்க வேண்டும். நாள் பூரா நின்றே வேலை செய்கிறாய், முதலில் போய் நல்ல மெத்தென்ற செருப்பாக ஒன்று வாங்கு, வாங்கியதை ஃபோட்டோ எடுத்து அனுப்பு, அனுப்புகிறவரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

எங்களால் முடியாதென்று நீ நினைத்ததை முடித்துக்காட்டிய,
உன் அம்மாவும் அப்பாவும்