உன் வண்டிக்கு இன்னொரு இன்ஜின்

எப்போதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடும் என் தம்பி அசோகனுக்கு,

உன் பிக்கப் வண்டி ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ இந்தக் கடிதம் முழுக்க அதையே தேடிக்கொண்டு படிப்பாய். ஆனால் இப்போது அதற்குள் இருப்பது உன் இன்ஜின் இல்லை. அதை எப்படி இறக்கினோம், இன்னொன்றை எங்கே பிடித்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கூடவே உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்ஜின் வழியாகப் போனால்தான் அங்கே போய்ச் சேர முடியும்போல.

நீ போன பிறகு வண்டி ஊரிகத்தில் உன் சுரங்கத்து லைன் வீட்டு வாசலில் நின்ற இடத்திலேயே நின்றது. டயர் இரண்டில் காற்று இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக் கோழி பின்பக்கம் ஏறி முட்டை வைத்தது. குடியாத்தத்திலிருந்து உன் மனைவி சுஜாதாவின் அண்ணன்கள் வந்தார்கள். "பழைய இரும்புக்குப் போட்டுட்டு, பசங்களக் கூட்டிக்கினு ஊருக்கு வந்துடும்மா" என்றார்கள். மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சுஜாதா நின்றிருந்தாள்.

"அண்ணி, வண்டி ஓடுச்சுன்னா நானே ஓட்டுவேன். தக்காளி லோடு குடுக்கிற தோட்டமெல்லாம் எனக்குத் தெரியும். சுரங்கத்து மண்ணு கொட்டின சயனைடு மேட்டாண்ட இட்டுனு போயி அவருதான் ஓட்டக் கத்துக் குடுத்தாரு. லைசென்ஸும் கீது."

எனக்குத் தெரியாதுடா. லைசென்ஸ் வாங்கும் வரைக்கும் போயிருக்கிறீர்கள், பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன்? நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாயா? சொல்லியிருப்பேன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டையிலிருந்து நியாஸ் என்ற மெக்கானிக்கை அழைத்து வந்தோம். உனக்கு அவரைத் தெரியாது என்று நினைக்கிறேன். மெலிந்த மனிதர். வண்டியைத் தொடுவதற்கு முன் அரைமணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு படுத்து, இன்ஜினின் முன்பக்க நட்டில் நீளமான ராடை மாட்டி இழுத்தார். அது அசையவே இல்லை. "ஜாம். பிரிச்சு வேலை பாக்கலாம். ஆனா மறுபடி லோடு ஏத்தி நம்பி அனுப்ப எனக்கு மனசு வராது. வேற இன்ஜின் போடறதுதான் சரி. எப்படி நின்னுச்சு டீச்சர்?"

"ஆயில் பாக்காம ஓட்டிட்டான்" என்றேன்.

சுஜாதா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது அதை நான் கவனித்தேன். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நீ லோடு இறக்கிவிட்டுக் கோலாரிலிருந்து திரும்பி வரும்போது வண்டி நின்றது. இழுத்துக்கொண்டுபோய், அதற்கு முன் நீ வேலை கொடுத்திருந்த ஒர்க்‌ஷாப்பில் காட்டினாய். அந்த ஆள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆயில் இல்லாம ஓட்டியிருக்கீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டான். வீட்டுக்கு வந்து என்னிடம் நீ சொன்னது ஒரு வார்த்தை விடாமல் என் காதில் இருக்கிறது. "சிவப்பு லைட் எரிஞ்சுச்சுக்கா. ஓரங்கட்டி, ஆயில் அளவு பாக்குற ஸ்டிக்க உருவிப் பாத்தேன். ஆயில் கீது. லைட்டுதான் கோளாறுன்னு நெனச்சு ஓட்டினு வந்தேன்."

நான் என்ன கேட்டேன்? "டேய், ஆயில் இருந்தா இன்ஜின் ஏன்டா ஜாம் ஆவும்?"

நல்ல கேள்விதான். இருபது வருஷத்துக்கு மேலாக அறிவியல் பாடம் எடுக்கிறவள் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் நான் பதில் வேண்டி அதைக் கேட்கவில்லை. உன் வாயை அடைக்கக் கேட்டேன். நீயும் வாயை மூடிக்கொண்டாய். மூன்று வாரம் கூட ஆகவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். கோலார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன்னைக் கிடத்தியிருந்தபோது நான் அழுதுகொண்டே, "வண்டியையும் பாக்கல, ஒடம்பையும் பாக்கல" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். நீ அதைக் கேட்டாயா?

இருக்கட்டும். வேலைக்கு வருகிறேன்.

நான் நியாஸை விடாமல் கேள்வி கேட்டேன். வேறு கம்பெனி இன்ஜினை உள்ளே வைக்க முடியுமா? "உக்கார வெக்கலாம் டீச்சர். தாங்குற கட்டையை மாத்தணும், கியர்பாக்ஸோட சேர்றதுக்குத் தகடு வெட்டணும், ஒயரிங் மாத்தணும். எல்லாம் பண்ணலாம். பேப்பர்லதான் உக்காராது." அதே மாடல், அதே வகை இன்ஜின்தான் வேண்டும். அது எடுக்கப்பட்ட வண்டியின் பேப்பரும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் வண்டி சுஜாதா பேருக்கு மாற வேண்டும்.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நாங்கள் எத்தனை முறை போனோம் என்று கேட்காதே. பேர் மாற்றிய சான்று கைக்கு வந்த அன்று சுஜாதா அதை வாங்கி, உன் பேர் இருந்த இடத்தில் தன் பேர் இருப்பதை விரலால் தடவிப் பார்த்தாள். "நம்ம வண்டின்னு சொல்லிக்கினு இருந்தேன். இப்போ என் வண்டின்னு போட்டிருக்காங்க அண்ணி" என்றாள். அது சந்தோஷமா துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

இன்ஜின் முல்பாகல் பக்கம் ஒரு கிராமத்தில் கிடைத்தது. நின்றிருந்த பிக்கப்பின் பின்னால் லாரி மோதியதில் பின்பக்கம் முழுக்க மடிந்துபோயிருந்தது. முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. வண்டிக்காரர் தெலுங்கில் எங்களை வரவேற்றார், சுஜாதா தெலுங்கிலேயே பதில் சொன்னாள். அவள் அவ்வளவு நன்றாகத் தெலுங்கு பேசுவாள் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் நான் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனோ!

நியாஸ் இன்ஜினை ஓடவிட்டு, பெரிய ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைத் தன் காதில் வைத்து, நுனியை இன்ஜின் மேல் ஊன்றிக் கேட்டார். எனக்கும் கொடுத்தார். அசோகா, உள்ளே ஒரு ஊரே நடக்கிறதுடா! நாலு பேர் ஒரே சீராகக் கால் வைத்து நடப்பது மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பின்னால் இன்னொரு மெல்லிய சத்தம், மழைக்கு முன் ஓட்டின் மேல் விழும் தூறல்போல. நீ தினம் இதைக் கேட்டிருக்கிறாய், இல்லையா? பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் மீட்டர் வைத்து அழுத்தம் பார்த்தார். முள் நான்கிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றது. "எடுக்கலாம்" என்றார்.

இன்ஜினை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வந்த வாரம் சனிக்கிழமை காலையில் நியாஸின் ஷெட்டில் வேலை தொடங்கியது. பானெட், ரேடியேட்டர் எல்லாம் கழன்றன. ஒயர்களுக்கு நான் பள்ளிக்கூடத்து ஞாபகத்தில் காகிதச் சீட்டு கட்டி எண் போட்டேன். "எனக்கு மனப்பாடம் டீச்சர்" என்று சிரித்தார் நியாஸ். ஆனாலும் மறுநாள் இரண்டு முறை என் சீட்டைப் பார்த்துத்தான் மாட்டினார்.

இன்ஜினைத் தூக்குவதற்கு முன் அவர் அடியில் ஒரு பெரிய பேசினை நகர்த்தி வைத்தார்.

"ஆயில் இல்லாத இன்ஜினுக்கு எதுக்கு பேசின்?" என்றேன்.

"இருக்கட்டும்" என்று சொல்லி அடிப்போல்ட்டைத் திருகினார்.

ஆயில் கொட்டியது. கறுப்பாக, கெட்டியாக, ஒரு கயிறு இறங்குவதுபோல. நிற்கும் நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. பேசின் நிறைந்துகொண்டே வந்தது. நியாஸ் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அளவு ஆயில் கீதே டீச்சர். ஆயில் பாக்கலன்னு யாரு சொன்னது?"

பிறகு சுஜாதா மெதுவாகச் சொன்னாள். "அவரு சொன்னாரே அண்ணி. ஆயில் கீதுன்னு சொன்னாரே."

எட்டு மாதமாக அந்த ஸ்டிக் வாசலில் நின்ற வண்டியிலேயேதான் இருந்திருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் உன் வீட்டுக்குள் போனேன். ஒருமுறை உருவிப் பார்த்திருந்தால் போதும்.

அழுகை வரவில்லை. அதற்கு முன்னால் அந்தப் பழைய கேள்வி வந்துவிட்டது. ஆயில் இருந்தால் இன்ஜின் ஏன் ஜாம் ஆக வேண்டும்? இந்த முறை எனக்குப் பதில் வேண்டியிருந்தது.

"இத்தப் பிரிச்சுக் காட்டுங்க" என்றேன்.

"போற இன்ஜின். பிரிச்சு இன்னா பண்ணப் போறோம் டீச்சர்? நாளைக்குப் புதுசு ஏத்தணும்."

"எனக்குத் தெரிஞ்சாவணும் பாய்."

என் முகத்தில் எதைக் கண்டாரோ, செயின் போட்டு இன்ஜினை மேலே தூக்கி, கட்டைமேல் சாய்த்து வைத்து, அடியில் ஆயில் தேங்கும் தகரத் தட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு குழாய். அதன் வாயில் ஒரு சின்னச் சல்லடை. தேங்கியிருக்கும் ஆயிலை அதன் வழியாகத்தான் உறிஞ்சி மேலே எல்லா இடத்துக்கும் அனுப்ப வேண்டுமாம். அந்தச் சல்லடை ஓட்டை ஒன்றுகூடத் தெரியாமல் அடைந்து கிடந்தது. நியாஸ் நகத்தால் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறத்தில், ரப்பர் மாதிரித் துணுக்குகள்.

"பேஸ்ட்டு. இந்தத் தட்டு ஒழுகாம இருக்க ஓரத்துல தடவறது. யாரோ அள்ளி அப்பியிருக்காங்க. உள்பக்கம் பிதுங்கினது சூட்டுல பிஞ்சு விழுந்து சல்லடைய அடைச்சுக்கிச்சு. கீழ ஆயில் கீது, மேல போவல. ஸ்டிக்குல பாத்தா ஆயில் காட்டும். லைட்டும் எரியும். ரெண்டும் நெசந்தான்."

ரெண்டும் நிஜம். நீ சொன்ன இரண்டும்.

"லைட் எரிஞ்சா நிறுத்தியிருக்கணும். அது ஒரு தப்பு, நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார் நியாஸ், சுஜாதாவைப் பார்த்து. "ஆனா எறங்கிப் பாத்துட்டுத்தான் போயிருக்காரு. அதுக்கு மேல ஒரு டிரைவர் இன்னா பண்ணுவான்?" சுஜாதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே போய் நின்றாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். தப்பு என்னுடையது என்று அன்றைக்கு என் வாயால் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட சொன்னா கோச்சுக்குவீங்கன்னு சும்மா இருந்தேன் அண்ணி" என்றாள். நீங்கள் இருவருமே என்னிடம் இப்படித்தான் இருந்திருக்கிறீர்கள்.

மறுநாள் இன்னொரு இன்ஜினை ஏற்றினோம். செயினில் தொங்கி, மெல்ல மெல்ல இறங்கி, கியர்பாக்ஸைத் தொடும் நேரத்தில் ஒரு விரல் அகலம் இடைவெளியில் நின்றுவிட்டது. எவ்வளவு ஆட்டியும் உள்ளே போகவில்லை. போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்தால் என்ன என்று கேட்டேன். "ஒடஞ்சிரும் டீச்சர். போவலன்னா உள்ள ஏதோ நேரா இல்லன்னு அர்த்தம்." மறுபடி மேலே தூக்கினார். கிளட்ச் தட்டு ஒரு நூல் விலகியிருந்தது. அதை நடுவில் நிறுத்தி, திரும்ப இறக்கியபோது, ஒரு மெல்லிய 'டொக்'. அவ்வளவுதான், சேர்ந்துகொண்டது.

சாயங்காலம் வெயில் சாயும் நேரத்தில் சுஜாதாதான் சாவியைத் திருப்பினாள். முதல் தடவை இருமிவிட்டு நின்றது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். நியாஸ் டீசல் குழாயில் சிக்கிய காற்றை எடுத்துவிட்டுக் கையசைத்தார். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்கப் புகை. சுஜாதா எங்களைப் பார்க்கவில்லை. சிவப்பு லைட் அணைகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அணைந்தது.

ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் புது இன்ஜின் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொண்டார். பேப்பரிலும் ஏறிவிட்டது. இப்போது விடியும் முன்பே கிளம்பி, பக்கத்துப் பாலகாட் தாண்டிப் போய்த் தோட்டத்தில் லோடு ஏற்றிக்கொண்டு கோலார் போகிறாள். குடியாத்தம் பேச்சு நின்றுவிட்டது. பசங்கள் இங்கேயே படிக்கிறார்கள்.

நான் அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் போனேன். அந்தத் தட்டைக் கழற்றி மாட்டியது அங்கேதான்; சண்டை போடத்தான் போனேன். சல்லடையை அந்த ஆளின் மேஜைமேல் வைத்து, எந்த வண்டி என்று சொன்னேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவசரத்துல நடந்திருக்கும் மேடம். அசோகனை வரச் சொல்லுங்க, நான் பேசிக்கறேன்" என்றான்.

அவனுக்குத் தெரியாதுடா. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "நான் ஸ்டிக்கை எடுத்துக்கூடப் பாக்கல மேடம்" என்றான். திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு போன வார்த்தைகள் எனக்கு வரவில்லை. அவனும் நானும் செய்தது ஒன்றுதானே? "நானும் பாக்கல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. அன்றைக்கு ஏன் நீ என்னோடு இன்னும் கொஞ்சம் சண்டை போடவில்லை? என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஸ்டிக்கை உருவிக் காட்டியிருக்கலாமே. களைத்துவிட்டாயா? அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உன்னையே சந்தேகப்பட்டாயா? இந்தக் கேள்விக்கு எந்தத் தட்டைக் கழற்றினாலும் பதில் கிடைக்காது.

அடுத்த மாதம் உன் முதல் வருஷம். நம் புத்த விகாரையில் கூடுகிறோம். உன்னைக் கிடத்தியிருந்த அன்று வந்தவர்கள் அத்தனை பேரும் வருவார்கள், குடியாத்தத்துக்காரர்களும் சேர்த்து. பிரார்த்தனை முடிந்ததும் நான் எழுந்து நிற்பேன். அசோகன் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, பார்த்தான்; பார்க்காமல் பேசியது அவன் அக்கா என்று அவர்கள் முன்னாலேயே சொல்வேன். அன்றைக்கு எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, அவ்வளவு சத்தமாகச் சொல்வேன்.

நீ சொன்னதை இத்தனை தாமதமாகக் கேட்டுக்கொண்ட,
உன் ஒரே அக்கா
யசோதரா