கிறிஸ்துமஸுக்கு ஹெய்டியை அனுப்புகிறேன்

கலிபோர்னியா,
டிசம்பர் 4, 1989

அன்புள்ள க்ளிஃப்,

நாங்கள் நலம். பாஸ்டன் குளிரில் நீயும் நலமாகத்தான் இருப்பாய். உனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது.

ஆய்வகத்தில் நம் கடல்முயல் நத்தைகள் சௌக்கியம். போன வாரப் புயலில் தொட்டிக்கு வரும் கடல்நீர் கலங்கி, சிலது ஊதா மையைக் கக்கிவிட்டுச் செத்தன. மிச்சமெல்லாம் பாசியைத் தின்று கொழுத்துக் கிடக்கின்றன.

உன் இடத்துக்கு வந்திருக்கும் பிரான்னிகன் இதுவரை எலிகளோடு வேலை பார்த்தவர். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். கடல்முயல்களின் வாலில் நான்கு நாளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டிய மின் அதிர்ச்சிகளை ஒரே காலையில் கொடுத்து முடித்துவிட்டார். "எண்ணிக்கை ஒண்ணுதானே நோரீன், எப்பக் குடுத்தா என்ன?" என்று என்னையே கேட்டார். இரண்டு நாள் கழித்துத் தூரிகையால் தொட்டுப் பார்த்தோம். செவுள் எப்போதும்போல லேசாகச் சுருங்கி விரிந்தது. பட்டதையெல்லாம் மறந்துவிட்டிருந்தன. ஒரு மாத வேலை பாழ்.

நான்தான் உட்கார்ந்து விளக்கினேன். அதிர்ச்சி பட்டதும் செரடோனின் என்கிற ரசாயனம் சுரக்கிறது. தொடுதலை உணரும் நரம்புச் செல், செவுளை இழுக்கும் செல்லிடம் தொட்ட சேதியை வழக்கத்தைவிட உரக்கச் சொல்கிறது. சற்று நேரத்தில் அது அடங்கிவிடும். நடுநடுவே ஓய்வு கொடுத்து, மறுபடி மறுபடி சுரந்தால்தான் இரண்டு செல்லுக்கும் நடுவே புது இணைப்புகள் முளைக்கும். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் தூரிகை நுனி பட்டாலே உடம்பு முழுக்கச் சுருண்டுவிடும். "அப்ப அடிக்கிறது பெரிசில்ல, நடுவுல விடறதுதான் பெரிசுங்கிறீங்க" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் மகள் ஹெய்டி விஷயத்துக்கு வருகிறேன். "நான் என்ன எப்பவும் அடிச்சிக்கிட்டா இருந்தேன்? எத்தனை நல்ல நாள் இருந்துச்சு, அதெல்லாம் உன் கணக்குல வராதா?" என்று எழுதியிருக்கிறாய். வராமல் என்ன? பெல்ட்டைக் கழற்றிய மறுநாள் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாய். அலமாரிக்குள் வைத்துப் பூட்டிய வாரம்தான் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பட்டம் விட்டாய். பயம் தெளிந்து அவள் உன் மடியில் வந்து ஏறத் தொடங்கியதும், மறுபடி. இந்த வேலையை உன்னைப்போல் கச்சிதமாகச் செய்ய இந்தக் கரையில் ஆள் இல்லை, க்ளிஃப்.

பள்ளியில் அவளுடைய டீச்சர் மிஸஸ் ஓல்சன், பின்னாலிருந்து அவள் காலரைச் சரிசெய்யக் கை நீட்டியிருக்கிறார். குழந்தை மேஜைக்கடியில் புகுந்து பாவாடையை நனைத்துக்கொண்டாளாம். "நான் தொடக்கூட இல்லீங்க" என்று அந்த அம்மாள் போனில் அழுதார். நீ போய் ஒரு வருஷமாகிறது. கடல்முயலின் ஆயுசே ஒரு வருஷம்தான். இவளுக்கு ஏழு வயதுதான் ஆகிறது, இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கிறது.

கிறிஸ்துமஸ் வாரம் உனக்கு என்று நீதிபதி சொல்லிவிட்டார். மாட்டேன் என்று சொல்லிப் பார்க்கிறேன் என்றதற்கு, "அப்படிப் பண்ணீங்கன்னா குழந்தையே உங்க கையை விட்டுப் போயிடும், பேசாம அனுப்புங்க" என்று என் வக்கீல் கையை விரித்துவிட்டார். அதனால் அனுப்புகிறேன். வேர்க்கடலை அவளுக்கு ஆகாது, மறந்திருப்பாய். விளக்கை அணைத்தால் தூங்கமாட்டாள்.

உன்னைத் திருந்தச் சொல்லிக் கேட்க எனக்கென்ன பைத்தியமா? ஒன்றே ஒன்று, காலில் விழுந்து கேட்கிறேன். உன் கை நீளத்தான் போகிறது என்றால், வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் முடித்துவிடு. அதற்கப்புறம் விமானம் ஏற்றும்வரை அவள் பக்கமே போகாதே. நடுவில் மட்டும் அவளிடம் அன்பாக இருந்துவிடாதே.

இப்படிக்கு,
நோரீன்