உனக்கு என்ன வரும்?

அடியே, கேரம் போர்டுக்குப் பவுடர் தேடி நம் மேஜை டிராயரை இழுத்தேன். உன் தைலப் பாட்டில் உருண்டு வந்து என் விரலில் முட்டியது, எடுத்து மேஜை மேல் வைத்தேன். மூடியை ஒழுங்காகத் திருகி வைக்கிற பழக்கம் உனக்கு என்றைக்கு இருந்தது? டிராயர் முழுக்க அந்த வாசம். நீ போய் ஆறு மாதமாகிறது, உன் தலைவலி மட்டும் இன்னும் இந்த அறையை விட்டுப் போகவில்லை. அந்த நேரம் பார்த்தா வாசலில் ஆள் வந்து நிற்க வேண்டும்?

திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு தாயும் மகளும். "வகுப்புல உக்காந்து அழுதுக்கிட்டே இருக்காம்மா. கூடப் படிக்கிறதுக எல்லாம் கேலி பண்ணுதுக. இனிமே பள்ளிக்கூடமே வேணாங்குறா. இவ அப்பா தவறுனதுல இருந்து இப்படித்தான்" என்றாள் தாய். மகள் தலையை நிமிர்த்தவே இல்லை. இன்றைக்கு வாயைத் திறக்காமல் போனால் இங்கேயும் வரமாட்டாள், பள்ளிக்கும் போகமாட்டாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

தாயை வெளியே படியில் இருக்கச் சொல்லி, மகளை உள்ளே உட்கார வைத்துவிட்டு நான் நின்றுகொண்டே இருந்தேன். எதிரே உன் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார்ந்து கேட்பது உன் வேலையாயிற்றே! பள்ளியில் ஒத்துப்போகாத பிள்ளைகளுக்காகத் தெப்பக்குளத்துப் பக்கம் இந்த மாடி அறையைப் பிடித்த அன்றே வேலையைப் பிரித்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்தோடு மல்லுக்கட்டுவது நான், வீட்டுக்காரரிடம் வாய் கொடுப்பது நான், பிள்ளைகளிடம் பேசுவது நீ. "நீ பேசுனா வந்த பிள்ளையும் ஓடிப்போகும்டி" என்பாய். உண்மைதான், எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

எல்லோரும் "என்னடி செஞ்ச?" என்று கேட்டுத் துரத்திய பிள்ளைகளிடம் நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்பாய். "உனக்கு என்ன வரும்?" கோலம் வரும் என்பாள் ஒருத்தி. விசில் வரும் என்றவள் அடித்தே காட்டினாள், கீழ்வீட்டுக்காரர் பதறிக்கொண்டு படியேறி வந்துவிட்டார். நீ சிரித்த சிரிப்பில் அவருக்கு வந்த கோபமும் போய்விட்டது.

பாண்டீஸ்வரி மட்டும்தான் உன்னையே ஒரு நிமிஷம் திணறடித்தவள். ஒன்பதாம் வகுப்பு. கூடப் படிப்பவளின் கையைக் கடித்துவிட்டு வந்திருந்தாள். இன்னொரு தடவை கை நீட்டினால் டி.சி.தான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நீ கேட்டாய். அவள் வெடுக்கென்று, "ஒண்ணும் வராது. கணக்கு வராது, இங்கிலீஷ் வராது. கோவந்தான் வரும்" என்றாள்.

"அடி ஆத்தி! எம்புட்டு வரும்?"

"ரொம்ப வரும்."

"யாரப் பாத்தா வரும்?"

"சின்னப் பிள்ளைகள அடிக்கிறவங்களப் பாத்தா வரும். எங்கப்பா தம்பிய அடிக்கையில வரும். அவ ஆறாப்புப் பிள்ளையக் கிள்ளுனா, அதான் கடிச்சேன்."

நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். "அப்ப உனக்குக் கோவம் மட்டும் வரலடி. அடிபடுறது யாருன்னு பாக்கவும் வருது. அது நெறையப் பேருக்கு வராது."

மறுநாளிலிருந்து சாயங்காலம் நம் மாடிக்கு வரும் சின்னப் பிள்ளைகளை ரோட்டைக் கடத்திவிடுவது அவள் பொறுப்பு. ஷேர் ஆட்டோவுக்கு முன்னால் போய் நின்று, "நிப்பாட்டுண்ணே! பிள்ளைக வருதுல்ல!" என்று அவள் போட்ட சத்தம் மாடி வரைக்கும் கேட்கும். கடிப்பது உடனே நின்றுவிட்டதா என்ன? வீட்டில் அடி விழுந்த மறுநாள் யாராவது அவளிடம் மாட்டுவார்கள். நீ அலுத்துக்கொள்ளாமல், கை ஓங்குவதற்கு முன்னால் வாயைத் திறக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாய். அவளுடைய அப்பாவையும் விடாமல் போய்ப் பார்த்தாய்.

பிறகு ஒரு நாள் பள்ளியிலிருந்து ஆள் வந்தது, பாண்டீஸ்வரி மறுபடியும் அடித்துவிட்டாளாம். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன், நீயும் வந்தாய். தலைமையாசிரியை அறையில் நான் வாயெடுக்கும்முன் நீ என் காலை மிதித்தாய். "அவளே பேசுவா" என்றாய்.

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "நான் அடிக்கல டீச்சர். கைய ஓங்குனேன், இறக்கிட்டேன். ஓங்குனத எல்லாரும் பாத்தாங்க. இறக்குனத யாருமே பாக்கலையா?"

அந்த அம்மா எழுதி வைத்திருந்த டி.சி.யை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "வகுப்புக்குப் போ" என்றார். திரும்பி வரும் வழியில் எனக்குத்தான் யாரோடும் சண்டை போடாமல் வந்ததில் என்னவோபோல் இருந்தது.

உன் சாவுக்குப் பாண்டீஸ்வரி வந்திருந்தாள். இப்போது ஜவுளிக்கடையில் வேலை, இது அவளுக்கு மூன்றாவது கடை, கோபம் இன்னும் வரத்தான் செய்கிறது. உன் காலைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்க அழுதாள். நானோ நாற்காலி குறைகிறது என்று பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "உங்களுக்கு அழுகையே வராதாக்கா?" என்று கேட்டாள். "வராது, போடி" என்றேன். அதன் பிறகும் வரவில்லை.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். நிற்க முடியவில்லை. உன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கேட்டேன். என் குரல் எனக்கே அதட்டுகிற மாதிரிதான் இருந்தது. "உனக்கு என்ன வரும்?"

தரையைப் பார்த்துக்கொண்டே, "அழுகைதான் வரும்" என்றது பிள்ளை.

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? தைல வாசத்தில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. "வரட்டும்" என்றேன். "அம்புட்டுப் பேர் முன்னாடியும் உனக்கு வருது. எனக்குத் தனியா இருக்கையிலகூட வரமாட்டேங்குது."

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு யாரு இல்லக்கா?"

உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். பெயர் வரவில்லையடி, அழுகை வந்துவிட்டது. ஆறு மாதத்து அழுகை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுகிறேன். அவள் எழுந்து வந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "அழுங்கக்கா. அழுது முடிச்சதும் தலை வலிக்கும். கொஞ்ச நேரத்துல போயிரும். எனக்குத் தெரியும்." மேஜையிலிருந்த உன் பாட்டிலைத் திறந்து என் நெற்றியில் தேய்த்துவிட்டாள். எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

மூடியைச் சரியாகத் திருகி வைத்துவிட்டு, "நாளைக்கு வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.