ஆன்டெனா பிடித்தவர்

என் கண்ணம்மாவுக்கு,

நீ போனில் அனுப்பிய பழைய டிவி காமெடியெல்லாம் பார்த்தோம். நீ நன்றாக இருக்க வேண்டும். பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நான் மட்டும்தான் பார்த்தேன். சத்தம் கேட்டு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யார் அனுப்பியது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விரித்த குடையோடு பஸ்ஸில் ஏறத் தவிக்கிறாரே, அந்த நடிகரைப் பார்த்து, "இன்னாடி, அந்தக் கொரலுக்கு இவ்ளோ குண்டு ஆளா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நீ சின்னவளாக இருந்தபோது, அப்பா மைன்ஸில் ஷிஃப்ட் முடித்து வந்த களைப்போடு, நமக்கு மெட்ராஸ் டிவி தெரிய வேண்டுமென்று ஷீட் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கையை எடுத்தால் படம் போய்விடும். நாம் கீழே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்போம். அவருக்கு மேலே குரல் மட்டும்தான் கேட்கும், ஒரு நாள்கூடப் படத்தைப் பார்த்ததில்லை.

"மேல நிக்கசொல்லோ அவ சிரிப்புதான் மொதல்ல கேக்கும். அது கேட்டா படம் தெளிவா கீதுன்னு அர்த்தம்" என்றார். நீயாகச் செய்துகொண்ட கல்யாணத்துக்குப் பிறகு உன்னைப் பற்றி அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

மறுபடி போடச் சொன்னார். பார்த்து முடித்து, போனை வேட்டியில் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "கன்னடக்காரராச்சே. மாப்ளைக்கு நம்ம காமெடி புரியுமா?"

மாப்பிள்ளை என்றுதான் சொன்னார், கண்ணு. பதிலை நீங்கள் இரண்டு பேரும் வந்து அவரிடமே சொல்லுங்கள்.

உன் சிரிப்பைக் கேட்டு நாளாகிவிட்ட,
அம்மா