ஓம் போடாத பிள்ளை

என் கால் சப்பாத்தில் ஒட்டிய சேறு இன்னும் காயவில்லை. வாசலில் கிடக்கிறது. மனைவி இரண்டு தரம் பேசிவிட்டாள். கழுவ மனமில்லை. அது எங்கே ஒட்டிய சேறு என்று முதலில் உமக்குத்தான் சொல்லவேண்டும்.

நல்லூரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நீர் புவியியல் படிப்பிக்க வந்த காலத்தில், உமக்கும் எனக்கும் இடையில் ஓர் அரைச்சுவர்தான். இந்தப் பக்கம் என் கணக்குப் பாடம். முடிவில் “விளங்குதோ?” என்பேன். வகுப்பே சேர்ந்து “ஓம் சேர்” என்று இழுக்கும். விளங்கியதோ இல்லையோ, அந்த ஓம் கேட்டால்தான் எனக்குப் பாடம் முடிந்த மாதிரி. உம் பக்கத்தில் அந்தச் சத்தமே வராது. நீர் “ஆருக்கு விளங்கேல்லை?” என்று கேட்பீர். கேட்டுவிட்டு முதல் ஆளாக உம்முடைய கையையே தூக்குவீர். மனுசனுக்குக் கொஞ்சம் மூளை தட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். வாத்தியாருக்கே விளங்கவில்லையாம் என்று பெற்றோரும் அதிபரிடம் போனார்கள். நீர் அசையவில்லை.

“நாளைக்கு வோட்டுப் போடப்போற பிள்ளையள், ஐசே,” என்றீர் என்னிடம். “இப்பவே ஓம் போடப் பழக்கினால், பிறகு ஆர் என்ன கேட்டாலும் ஓம்தான்.”

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கடைசியாக உம்மைப் பார்த்தபோதும் நீர் உம்முடைய நோயைப் பற்றிக் கதைக்கவில்லை. பிள்ளைகளைத்தான் விசாரித்தீர். எதைக் கேட்டாலும் இப்போது போனில் ஏஐயைக் கேட்டு அப்படியே எழுதிக்கொண்டு வருகிறார்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னீர்.

“முந்தி எங்களுக்கு ஓம் போட்டவை. இப்ப உந்தப் போனுக்குப் போடுகினம். விடாதையும், ஐசே.”

நான் “ஓம்” என்றேன். அதற்கும் சிரித்தீர்.

நீர் காலமான பிறகு உமக்குப் பதிலாக இன்னும் ஒருவரும் வரவில்லை. ஒன்பதாம் வகுப்புப் புவியியல் என் தலையில் விழுந்தது. நீர் வளர்த்த பழக்கம் என் கையில் செத்துவிடுமோ என்று பயந்துகொண்டுதான் உள்ளே போவேன்.

போன கிழமை நீர்வளம் பற்றிய பாடம். என் போனிலேயே ஏஐயைக் கேட்டுச் சத்தமாக வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்று இருக்கிறதாம். வகுப்பு கொல்லென்று சிரித்தது. முன்வாங்குப் பெடியன் ஒருவன், எங்கடை ஊரிலை ஆறு எங்கை சேர் என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போனுக்கு ஓம் போடாத பிள்ளைகள்! ஆறு இல்லை என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். அத்தனை கையும் எழுந்தது. பாடத்தை முடிக்கப் போனேன். ஏனோ உம்முடைய ஞாபகம் வந்து, தூக்காத கையைத் தேடினேன். கடைசி வாங்கில் ஒன்று இருந்தது. சண்டிலிப்பாயிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. வாய் திறந்தே நான் கேட்டதில்லை.

“ஆறு இருக்கு சேர்,” என்றாள். “மாரியிலை எங்கடை வயலடியாலை ஓடும். வழுக்கையாறு. ஆனால் போன் சொல்லுற மாதிரி வருசம் முழுக்க ஓடாது.”

போனும் பிழை, வகுப்பும் பிழை, நானும் பிழை. எல்லாருக்கும் எதிராக ஒரு பிள்ளை எழுந்து நிற்கிறாள். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வாங்குப் பெடியனே திரும்பி, போய்ப் பார்ப்பமே என்று அவளைக் கேட்டான்.

நேற்றுப் போனோம். அவளுடைய வயலடி மதகுக்குக் கீழே மண்ணிறத் தண்ணீர் கடல்நீரேரியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு புல்லைக் கிள்ளிப் போட்டாள். அது போகப் போக, பிள்ளைகள் கரையோடு கத்திக்கொண்டு ஓடினார்கள். இந்த மண்ணில் பிறந்து தலை நரைத்தவன் நான், சேற்றுக்குள் வாய் பிளந்து நின்றேன். நீர் நின்றிருக்கவேண்டிய இடம் அது, ஐசே.

இது ஆறோ, வெறும் வெள்ள வாய்க்காலோ என்று திரும்பும்போது பஸ்ஸுக்குள் சண்டை. நல்லூர் வந்தும் முடியவில்லை. இறங்கும்போது, பழக்கதோசத்தில், “விளங்கிச்சுதோ?” என்று கேட்டுவிட்டேன்.

ஒரு பிள்ளைகூட ஓம் போடவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.