ஒருமுறை விழுந்த துளி

பலேர்மோ
11.03.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

மடு மாதாவின் புண்ணியத்தில் நான் நல்ல சுகம். உங்கள் சுகமும் கிளறா அண்ணியின் சுகமும் அறிய ஆவல். பார்சலில் நான் தைத்த பன்னிரண்டு சேட்டுகள் இருக்கின்றன. உங்கள் பாரிஸ் கடைக்கு முப்பது கேட்டீர்கள், தெரியும். எரிச்சல்படாதீர்கள்.

இது நைஜீரியாத் துணி. ஆதிரே என்று பெயர். கபோச் சந்தைக்குப் பின்னால் எங்கள் தையலறையில் என்னோடு வேலை செய்யும் பொலாக்கேதான் இதைச் செய்கிறவள். மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, கோழி இறகால் தொட்டுத் துணியில் கோடு இழுப்பாள். காய்ந்த பிறகு அவுரிச் சாயத்தில் முக்குவாள், உலர்த்துவாள், திரும்பவும் முக்குவாள். கஞ்சி பட்ட இடம் வெளிறி நிற்கும், மற்றதெல்லாம் நீலம். அதற்குப் பிறகுதான் துணி என் மெசினுக்கு வரும். ஒரு சேட்டுக்கு ஒன்பது நாள். அவசரப்படுத்தினால், "வெயிலிட்டைப் போய்ச் சொல்லு" என்கிறாள்.

ஒவ்வொரு சேட்டின் உள்ளேயும் ஒரு சீட்டு இருக்கும். சாயமிட்டவர் பொலாக்கே, தைத்தவர் அமலினி, எடுத்த நாட்கள் இத்தனை, கிழிந்தால் எங்களிடம் கொண்டுவாருங்கள், தைத்துத் தருவோம் என்று எழுதி, முகவரியும் போட்டிருக்கிறது. அதை வெட்டிவிடாதீர்கள். ஒரு உடுப்பைப் பத்து வருசம் உடுத்துகிறவர்களுக்காகத்தான் இந்தத் தையலறையே நடக்கிறது.

ஒரு சேட்டின் முதுகில் சின்னதாக வெள்ளைத் துளி ஒன்று தெரியும். பொலாக்கே கோடு இழுக்கும்போது நான் மேசையில் இடித்துவிட்டேன். அதைத் திருப்பி அனுப்பி எனக்கு ஏச்சு வாங்கித் தராதீர்கள்.

நவம்பரில் என் பெர்மெசோவை, இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். இந்த முறை அந்த அலுவலகத்துக்கு ஒரு சிஞ்ஞோராவின் வீட்டு வேலைக்காரியாகப் போகமாட்டேன், தையல்காரியாகப் போவேன். எனக்காக மன்றாடுங்கள்.

அன்புத் தங்கை,
அமலினி

*

பாரிஸ்
20.05.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சேட்டுகள் நாலு நாளில் முடிந்துவிட்டன. பிறகும் நாற்பது பேர் கேட்டுவிட்டுப் போனார்கள். என் தங்கச்சி தைத்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன், அண்ணிக்குக் காது புளித்துவிட்டது.

ஆனால் ஒன்பது நாளுக்கு ஒன்று என்றால் எனக்குப் பல் விழுந்துவிடும். நீ இனி மினக்கெடாதே. கோடைக்குச் சரக்கு எடுக்க நான் வேறு வழி பார்த்துவிட்டேன். உன் சேட்டில் இரண்டை மட்டும் விற்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தத் துளி விழுந்ததும் அதில் ஒன்று. உனக்கு ஏச்சு விழாது, பயப்படாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்பு அண்ணா,
விமலராஜ்

*

பலேர்மோ
09.09.2024

அண்ணா,

மூன்று நாளாகப் போன் எடுக்கிறேன். நீங்கள் தூக்குவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பிரெஞ்சுப் பெண் ஒருத்தி தையலறைக்கு வந்தாள். விடுமுறைக்கு வந்தவளாம். கமக்கட்டில் கிழிந்த நீலச் சேட்டு ஒன்றை மேசையில் வைத்து, உள்ளேயிருந்த சீட்டைக் காட்டினாள். பொலாக்கேயின் பெயர், என் பெயர், எங்கள் முகவரி. எல்லாம் இருந்தது. பொலாக்கே சேட்டை உள்பக்கம் திருப்பினாள். வெள்ளை. சாயத்தில் முக்கிய துணி உள்ளேயும் நீலமாகத்தானே இருக்கும்? பிறகு துளியைக் கண்டாள். முதுகில் ஒன்று, இடது கையில் ஒன்று, வலது கையிலும் ஒன்று. எல்லாம் ஒரே அளவு, ஒரே சாய்வு.

"இந்தத் துளி ஒருக்கால்தான் விழுந்தது. அந்தச் சேட்டு உன்ரை அண்ணனுக்குத்தான் போனது" என்றாள். சேட்டை மடித்துத் தன் மேசையில் வைத்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்கள் துணியைப் படம் பிடித்து எங்கே அச்சடித்தீர்கள்? எத்தனை? முப்பதாம் திகதி தையலறை ஆட்கள் எல்லோரும் கூடுகிறார்கள், ஒரு பெண் வக்கீலும் வருகிறா. நானும் உங்களோடு கூட்டு என்றுதான் நினைக்கிறார்கள். வேலை போனால் பெர்மெசோவும் போகும். "அமலினிக்குத் தெரியாமல் நான் செய்தேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அது போதும்.

அமலினி

*

பாரிஸ்
17.09.2024

தங்கச்சி,

போன் எடுத்தால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதுதான் எடுக்கவில்லை.

ஓம், அச்சடித்தேன். முந்நூறு. அதில் யாருக்கு என்ன குறைந்துபோனது? அவளுடைய பெயரை முந்நூறு பேர் வாசித்திருக்கிறார்கள்!

நீ கேட்கிற வரியை எழுதினால் வழக்குப் போடுவார்கள், கடைக்குப் பூட்டு விழும். நீ சொல்லு, "பேரைப் போடச் சொன்னது நான்தான், பிழை எண்டு தெரியாமல் சொல்லிப்போட்டன்" என்று. பொம்பிளைப் பிள்ளை, மன்னிப்பார்கள். மன்னிக்காவிட்டால் இங்கே வா, உனக்கு ஒரு அறை இருக்கிறது.

அப்பாவைக் கடல் கொண்டுபோன வருசம் எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை விட்டு, மீன் பிடிக்க வள்ளம் ஏறினேன். உன்னைப் படிப்பித்தேன், இத்தாலிக்கு அனுப்பினேன். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். நேற்று வந்த ஒருத்தி உனக்கு என்னைவிடப் பெரிதா?

அண்ணா

*

பலேர்மோ
01.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்றுக் கூட்டம் முடிந்தது.

உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். நீங்கள் சொன்னபடியே சொல்லிவிடுவோம் என்று வாசல்வரை நினைத்திருந்தேன். நீங்கள் இல்லாவிட்டால் நான் இல்லை, அது பொய்யில்லை.

உள்ளே பொலாக்கே அந்தப் பொய்ச் சேட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள். உன்னுடையது இல்லையே, ஏன் தைக்கிறாய் என்று கேட்டேன். "என்ரை பேர் போட்டிருக்கு. கிழிஞ்சால் தைச்சுத் தருவம் எண்டு எழுதியிருக்கு. நம்பி வந்த மனுசி என்ன பிழை செய்தவ?" என்றாள். முந்நூறும் வந்தால் என்ன செய்வாய் என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வந்தால் தைக்கிறதுதான்."

அவள் கையால் தொடாத துணிக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அச்சடித்த நீங்கள் என்னைப் பதில் சொல்லச் சொல்கிறீர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அண்ணா. உங்களை நினைத்து நான் வெட்கப்பட்டது இதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கடிதத்தை இத்தாலியனில் வாசித்தும் காட்டினேன். அப்பாவைப் பற்றிய இடத்தை மட்டும் வாசிக்கவில்லை. அது நமக்குள் இருக்கட்டும். என்னை வேலையில் வைத்திருப்பார்களா என்று வெள்ளிக்கிழமைதான் சொல்வார்களாம். பயமாகத்தான் இருக்கிறது. என்ன சொன்னாலும் அந்த அறைக்கு நான் வரமாட்டேன்.

வக்கீல் உங்கள் விலாசத்தைக் கேட்டா. போனில் தேடத் தேவைப்படவில்லை. பதினொரு வருசமாகக் கடிதங்களிலும் நத்தார் வாழ்த்து மட்டைகளிலும் என் கையால் எழுதிவந்த விலாசம். கதவிலக்கம் முதற்கொண்டு மனப்பாடமாகச் சொன்னேன்.

அமலினி