பரலோக மந்திரத்தின் பின்பாதி

மார்ச் 6, வெள்ளி

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. எண்ணூர்க் காற்றோடு கரி. காய்ந்த துணியை மறுபடி அலசினேன். ஞாயிறு நம் வீட்டில் அன்பிய ஜெபமாலை, தெருவின் கோயில் குடும்பங்களெல்லாம் கூடும். வாங்க: மெழுகுவர்த்தி, கொண்டைக்கடலை, பேப்பர் கப்.

மதியம் பக்கத்து வீட்டு ஃபிலோ. வாசலைத் தாண்டவில்லை. "அக்கா, ரோஷன் வந்துகீறான். ஞாயித்துக்கெழம ஜெபத்துக்கு வர்றேன்றான். வெளியவே குந்திக்கினு போயிடுவான். உனுக்கு பேஜாருன்னா வாணாம்க்கா."

ரோஷன் அவள் மகன். குடித்துவிட்டு பைக் ஓட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்த என் மகன் டேனி அங்கேயே போய்விட்டான். இவன் கால் ஒடிந்ததோடு தப்பி, திருவொற்றியூர் அத்தை வீட்டில் கிடந்தான்.

"வரட்டும்" என்றேன். அவள் போன பிறகுதான் கோபமே வந்தது.

மார்ச் 7, சனி

தூக்கமில்லை. கடலை ஊறுகிறது. இவரிடம் சொன்னேன். "யார கேட்டு வரச் சொன்ன?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

டேனி போனதிலிருந்து, பரலோக மந்திரத்தில் அந்த மன்னிக்கிற வரி, 'எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்கள் குற்றங்களை மன்னியும்', வந்தால் வாயை மூடிக்கொள்வேன். கோயிலில் பாடகர் குழு சத்தத்தில் யாருக்கும் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும், தெரியட்டும். ஆனால் இந்தச் சின்ன ஹாலில்?

சாயங்காலம் ஒரு யோசனை. வீட்டுக்காரிதான் ஜெபமாலையை முன்னால் சொல்லணும். முன்னால் சொல்பவருக்கு முதல் பாதி மட்டும். மன்னிக்கிற வரி பின்பாதியில். அது மற்றவர்கள் பாடு. தப்பித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

வந்தான். நொண்டுகிறான். செருப்புக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் திரும்பவில்லை.

நான் முதல் பாதி, எல்லாரும் பின்பாதி. வாசலிலிருந்து அவன் குரலும். அவனும் டேனியும் பூசைக்கு உதவி செய்த காலத்தில் இழுத்து இழுத்துச் சொல்வார்களே, அதே இழுவை. மன்னிக்கிற வரியில் அந்தக் குரல் மட்டும் நின்றது. ஜெபமாலையின் அடுத்த சுற்றில் அந்த மந்திரம் திரும்ப வந்தபோதும் அங்கேயே. நான் நிற்கிற அதே இடம். எனக்கு மன்னிக்க வாய் வரவில்லை, அவனுக்கு மன்னிப்புக் கேட்க.

அடுத்து நான் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைத் தொடங்க வேண்டும். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். வாயில் வந்தது வேறு.

"உள்ள வாடா."

ஃபிலோ அழுதாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்து போகவில்லை. அவன் டேனி போட்டோவுக்குக் கீழே சுருண்டு உட்கார்ந்தான். சுண்டலில் உப்பு போட மறந்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

காலையில் தண்ணீர் பிடிக்கும்போது அவன் நொண்டி வருவதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. நொண்டினால் என்ன, நடக்கிறானே. அப்போ நேற்று செய்தது நாடகமா? குடம் வழிந்து புடவையெல்லாம் ஈரம்.

இவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அவன மன்னிச்சிட்டியா?"

"தெரில. உள்ள கூப்ட்டேன், அவ்ளோதான்."

அடுத்த ஞாயிறு ஃபிலோ வீட்டில் ஜெபமாலை. முதல் பாதி அவள் சொல்வாள். பின்பாதி நான்.